இயந்திரம் நின்ற பிறகே கை நீள வேண்டும்

வீட்டுப் பட்டறைகளில் நேரும் கைக் காயங்கள்: கை அறுவைச் சிகிச்சைப் பிரிவின் விளக்கம்

கோயம்புத்தூரில் பம்பு, மோட்டார், மாவரைக்கும் கிரைண்டர் ஆகியவற்றின் உற்பத்தி பெருகியபோது, அவற்றோடு சேர்ந்து பெருகியவை வீட்டை ஒட்டிய சிறு பட்டறைகள். ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் போன்ற பகுதிகளில் முன்புறம் குடும்பமும் பின்புறக் கொட்டகையில் லேத்தும் இருப்பது புதிய செய்தியன்று. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு சாணை இயந்திரம், ஒரு வெல்டிங் கருவி ஆகியவற்றை மட்டும் கொண்டு பெரிய ஆலைகளுக்குப் பாகங்கள் செய்து கொடுத்து, பிள்ளைகளைப் பட்டம் பெற வைத்த குடும்பங்கள் பல. இப்போது கைக்கருவிகள் எளிதாகக் கிடைப்பதால், தொழிலுக்காக அல்லாமல் வீட்டுப் பழுதுகளைச் சரிசெய்யவும் பொழுதுபோக்கிற்காகவும் ஆங்கிள் கிரைண்டரையும் மார்பிள் கட்டரையும் வாங்கி வைத்திருப்போரும் கூடியிருக்கின்றனர்.

1948-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குப் பாதுகாப்பான தடுப்பு அமைக்க வேண்டும் என்று தனது 21ஆம் பிரிவில் கூறியது. ஓடும் இயந்திரத்தைத் தவிர்க்க இயலாமல் நெருங்குவோர் உடலோடு ஒட்டிய இறுக்கமான உடை அணிந்திருக்க வேண்டும் என்று அடுத்த பிரிவில் கூறியது. ஆலைகளில் இவற்றைச் சோதிக்க ஆய்வாளர் வருவார். வீட்டுக் கொட்டகைக்கு எந்த ஆய்வாளரும் வருவதில்லை. அங்கே முதலாளி, தொழிலாளி, ஆய்வாளர் மூவரும் ஒருவரே. விபத்து நேர்ந்தால் முதலுதவி செய்ய வேண்டியவர்களும் வீட்டில் உள்ளவர்களே. ஆகவே இக்கட்டுரை இயந்திரத்தை இயக்குபவருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. அவருடைய மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்கும் உரியது.

அனுபவம் ஏன் காப்பதில்லை

விரல் நசுங்கியோ துண்டாகியோ எங்கள் பிரிவிற்கு வருவோரில் பலர் தொழிலுக்குப் புதியவர்கள் அல்லர். பத்து, இருபது ஆண்டுகள் இயந்திரத்தோடு பழகியவர்கள். "எத்தனையோ முறை இப்படித்தான் செய்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை" என்பதே அவர்கள் பெரும்பாலும் கூறும் சொல். அச்சொல்லில் பொய்யில்லை. ஓடும் ஜாப்பின் மீது சுற்றிய உலோகச் சுருளைக் கையால் எடுத்து நூறு முறை தப்பித்தவர், நூற்றோராம் முறையும் தப்பலாம் என்று எண்ணுவது மனித இயல்பு. ஆபத்து வந்தால் கையை இழுத்துக் கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் அதனுடன் சேர்ந்திருக்கும்.

அந்த நம்பிக்கையை ஒரு எளிய கணக்கால் சோதித்துப் பார்க்கலாம். எதிர்பாராத ஒன்றைக் கண்ணோ தோலோ உணர்ந்து, மூளை ஆணையிட்டு, கை பின்வாங்கத் தொடங்க ஏறத்தாழ கால் விநாடி ஆகும். நிமிடத்திற்கு 1,440 சுற்றுகள் சுழலும் ஒரு தண்டு, விநாடிக்கு 24 சுற்றுகள் சுழல்கிறது. கால் விநாடியில் 6 சுற்றுகள். அதன் விட்டம் வெறும் 12 மில்லிமீட்டர் என்று கொண்டாலும், 6 சுற்றுகளில் அது தன் மீது சுற்றி இழுத்துக் கொள்ளும் நீளம் 22 சென்டிமீட்டருக்கு மேல். மணிக்கட்டு முதல் நடுவிரல் நுனி வரை நம்மில் பலருக்கு அவ்வளவு நீளம் இல்லை. கையுறையின் நுனி சிக்கியதை மூளை உணர்ந்து கை பின்வாங்கத் தொடங்கும் முன்பே முழுக் கையும் உள்ளே போயிருக்கலாம்.

4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 11,000 சுற்றுகள் சுழலும். அதன் வட்டின் விளிம்பு செல்லும் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர். உடைந்த வட்டின் துண்டு அதே வேகத்தில்தான் வெளியே பாயும்.

எவ்வளவு தேர்ந்தவரானாலும் இந்த வேகங்களை மனித உடல் வெல்ல முடியாது. ஆகவே பாதுகாப்பு என்பது ஆபத்து நேரும்போது காட்டும் சுறுசுறுப்பன்று. சுவிட்சைப் போடுவதற்கு முன்பே முடித்து வைத்திருக்க வேண்டிய ஏற்பாடு. எல்லா விதிகளுக்கும் தாயான விதி ஒன்றே: இயந்திரம் முழுமையாக நின்ற பிறகே கை அதனை நோக்கி நீள வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் லேத்தின் சக்கும் சாணைக்கல்லும் சில விநாடிகள் சுழன்று கொண்டிருக்கும். அவை தாமாக நிற்கும் வரை காத்திருப்பதும் வேலையின் ஒரு பகுதியே. சக்கைக் கையால் பிடித்து நிறுத்தும் வழக்கத்தை அறவே விட வேண்டும்.

கையுறை எப்போது காக்கும், எப்போது கெடுக்கும்

நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்பது, "கையுறை போட்டிருந்தால் தப்பியிருப்பாரா?" என்பது. லேத், டிரில்லிங் மெஷின் போன்ற சுழலும் இயந்திரங்களைப் பொறுத்தவரை இதற்கு விடை, 'இல்லை' என்பதே. துணிக் கையுறையின் ஒரு நூல் சுழலும் பிட்டில் சிக்கினால் போதும்; கையுறை கையையும் சேர்த்து இழுத்துச் செல்லும். வெறும் விரலில் கீறலோடு முடிந்திருக்கக்கூடிய காயம், கையுறையால் விரலே பிடுங்கப்படும் காயமாக மாறுவது உண்டு. இவ்வாறு பிடுங்கப்பட்ட விரலில் தசைநாண், நரம்பு, ரத்தக்குழாய் ஆகியவை வெவ்வேறு இடங்களில் அறுந்து நைந்திருக்கும். கூரான கத்தியால் வெட்டுண்ட விரலைவிட இதனை மீண்டும் இணைப்பது மிகக் கடினம்.

இயந்திரம் நின்றிருக்கும்போது கூரான தகடுகளையும் சூடான ஜாப்பையும் கையாளக் கையுறை தேவை. வெல்டிங் செய்யும்போது தோல் கையுறை கட்டாயம். சுழலும் இயந்திரத்தின் முன் நிற்கும்போது அதனைக் கழற்றிவிட வேண்டும்.

இதே காரணத்தால் மோதிரம், கைக்கடிகாரம், காப்பு, மணிக்கட்டில் கட்டிய கயிறு, கழுத்துச் சங்கிலி, தோளில் போட்ட துண்டு, லுங்கி, தொங்கும் சட்டைக் கை ஆகியவை எவையும் ஓடும் இயந்திரத்தின் அருகே இருக்கக் கூடாது. கோயிலில் கட்டிய கயிற்றை அவிழ்க்க மனம் வராதவர்கள், வேலை நேரத்தில் அதனை முழங்கைக்கு மேல் ஏற்றிச் சட்டைக்குள் இறுக்கமாகக் கட்டிக் கொள்ளலாம். வீட்டுப் பட்டறைகளில் பெண்களும் துளையிடுதல், பிசிறு நீக்குதல் முதலிய வேலைகளைச் செய்கின்றனர். முந்தானை, துப்பட்டா, பின்னல் ஆகிய மூன்றும் பெல்ட்டிலும் தண்டிலும் எளிதில் சிக்குபவை. கூந்தல் சிக்கினால் தலைத்தோல் முழுவதும் உரிந்து வரக்கூடும். கூந்தலைக் கொண்டையாக முடிந்து தொப்பிக்குள் அடக்கி, புடவைக்கு மேல் இறுக்கமான மேல்சட்டை அணிந்த பிறகே இயந்திரத்தின் அருகே செல்ல வேண்டும்.

ஒவ்வோர் இயந்திரத்திலும் கவனிக்க வேண்டியவை

லேத்: சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரை இயக்கினால், அது எறியப்பட்டு முகத்தையோ மார்பையோ தாக்கும். சாவியைச் சக்கிலிருந்து எடுக்கும் வரை அதனை விட்டுக் கையை எடுப்பதில்லை என்று பழகிக் கொள்ளுங்கள். உலோகச் சுருளை இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கொக்கியாலும் தூரிகையாலும் மட்டும் நீக்குங்கள். ஓடும் ஜாப்பின் மீது உப்புத்தாளைக் கையில் சுற்றிப் பிடித்துத் தேய்ப்பது விரல் முறிவதற்கு வழக்கமான காரணங்களுள் ஒன்று.

டிரில்லிங் மெஷின்: சிறிய துண்டைக் கையால் பிடித்துக் கொண்டு துளையிடாதீர்கள். பிட் மறுபுறம் வெளியேறும் கணத்தில் துண்டைப் பற்றிச் சுழற்றிவிடும். தகடாக இருந்தால் அது கத்தியாகவே மாறும். எவ்வளவு சிறிய வேலையானாலும் வைஸில் பொருத்துங்கள்.

சாணை இயந்திரம்: புதிய கல்லைப் பொருத்தும் முன் மரத்துண்டால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல கல் கணீரென ஒலிக்கும். விரிசல் விட்ட கல் மந்தமாக ஒலிக்கும். கருவியைத் தாங்கும் பலகைக்கும் கல்லுக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் பொருளோடு விரலும் அதனுள் இழுக்கப்படும். இயந்திரத்தை இயக்கியதும் கல்லுக்கு நேர் எதிரே நிற்காமல் சிறிது விலகி நின்று, ஒரு நிமிடம் ஓடவிட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

ஆங்கிள் கிரைண்டரும் மார்பிள் கட்டரும்: இவற்றில் மரம் அறுக்கும் பல் வட்டைப் பொருத்தி, தடுப்பையும் கழற்றிவிட்டு, பலகை அறுக்கும் வழக்கம் நம் ஊர்களில் பரவியுள்ளது. இது மிகவும் ஆபத்தானது. மரத்தின் முடிச்சில் பல் சிக்கியதும் கருவி பின்னோக்கித் துள்ளும். அப்போது வட்டு எதிர்ப்படும் இடம் அதனைப் பிடித்திருக்கும் மற்றொரு கையாகவோ, தொடையாகவோ, கழுத்தாகவோ இருக்கும். ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் வட்டைப் பொருத்தாதீர்கள். மரத்திற்கென்றே செய்யப்பட்ட ரம்பத்தைப் பயன்படுத்துங்கள். தடுப்பைக் கழற்றாதீர்கள். வட்டின் மீது அச்சிட்ட உச்ச வேகம் கருவியின் வேகத்தைவிடக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டும் மெல்லிய வட்டின் பக்கவாட்டால் தேய்க்காதீர்கள். வட்டை மாற்றும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

மேசை ரம்பம்: பலகையின் கடைசிப் பகுதியைத் தள்ளும் போதுதான் விரல்கள் வட்டை நெருங்கும். ஒரு மரக்குச்சியால் தள்ளுங்கள். குச்சி வெட்டுப்பட்டால் வேறு குச்சி செய்து கொள்ளலாம்.

மின்சாரம் திரும்பும் வேளை

ஓடிக் கொண்டிருக்கும் இயந்திரம் மின்தடையால் நின்றுவிடுகிறது. காத்திருக்கும் நேரத்தில் சுருளை நீக்கலாம், பெல்ட்டைச் சரிசெய்யலாம் என்று கையை உள்ளே வைக்கிறோம். அப்போது மின்சாரம் திரும்பி, சுவிட்ச் அணைக்கப்படாத இயந்திரம் தானாக ஓடத் தொடங்குகிறது. இவ்வகை விபத்தை முற்றிலும் தடுக்க முடியும். மின்சாரம் போனால் சுவிட்சை அணைப்பதே முதல் வேலை என்பதை வீட்டில் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். மின்சாரம் திரும்பினாலும் பொத்தானை மீண்டும் அழுத்தினாலன்றி மோட்டார் ஓடாதபடி தடுக்கும் ஸ்டார்ட்டர்கள் உள்ளன. மின்பணியாளரிடம் கேட்டு அத்தகைய ஸ்டார்ட்டரையே பொருத்துங்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் பாதுகாப்புச் சுவிட்சும், சரியான எர்த் இணைப்பும் கொட்டகைக்குத் தேவை. சுவிட்ச் இயந்திரத்திற்குப் பின்னால் சுவரில் இருந்தால், ஒரு கை சிக்கிய நிலையில் மறு கைக்கு அது எட்டாது. நிற்கும் இடத்திலிருந்தே எட்டும்படி அதனை மாற்றி அமையுங்கள்.

கண்ணும் காதும்

சாதாரண மூக்குக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கவாட்டில் அது திறந்தே இருக்கும். சாணை பிடிக்கும்போதும், வெட்டும்போதும், சுத்தியலால் உலோகத்தை அடிக்கும்போதும் பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியை அணியுங்கள். கண்ணில் துகள் விழுந்தால் தேய்க்க வேண்டா. பக்கத்துப் பட்டறைக்காரர் ஊசியாலோ தாளின் முனையாலோ எடுத்துவிட அனுமதிக்கவும் வேண்டா. சுத்தியலால் அடித்தபோது சிதறிய துகள், கண்ணின் உள்ளேயே புகுந்திருந்தும் வெளியே சிறு சிவப்பாக மட்டும் தோன்றலாம். அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்ணில் எப்போதாவது உலோகத் துகள் புகுந்த வரலாறு உடையவர்கள், எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குச் செல்லும் முன் அதனைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் தங்கிப்போன இரும்புத் துகளும் அக்கருவியின் காந்தப் புலத்தில் நகர்ந்து பார்வையைக் கெடுக்கக்கூடும்.

வெல்டிங் ஒளியை வெறுங்கண்ணால் பார்த்தவருக்கு வலி உடனே தோன்றாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் கொட்டியது போன்ற உறுத்தலும் நீரும் வரும். அருகே வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்கும் இது நேரும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தக்காளிச் சாறு முதலியவற்றைக் கண்ணில் விட வேண்டா.

காதைப் பொறுத்தவரை, 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் கேட்பது நல்லதன்று. ஒலி 3 டெசிபெல் கூடும் ஒவ்வொரு முறையும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது: 88 டெசிபெல்லுக்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம், 94-க்கு 1 மணி நேரம். ஒரு கை நீளத் தொலைவில் இருப்பவரிடம் உரக்கப் பேச வேண்டியிருந்தால், காதடைப்பான் தேவைப்படும் அளவிற்கு ஒலி இருக்கிறது என்று கொள்ளலாம். இரைச்சலால் இழந்த கேள்தகுதி மருந்தால் திரும்புவதில்லை.

சிகிச்சை பெறுவோர் தனியாகக் கவனிக்க வேண்டியவை

சளி, அரிப்பு ஆகியவற்றிற்குத் தரப்படும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகளும், நரம்பு வலிக்குத் தரப்படும் பிரகாபலின், காபாபென்டின் ஆகியவையும், தூக்க மாத்திரைகளும் மயக்கத்தையும் மந்தத்தையும் தரக்கூடியவை. இவற்றைப் புதிதாகத் தொடங்கிய நாள்களில் இயந்திரத்தைத் தொடாதீர்கள். எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலின் போட்டுக் கொள்வோர் உணவைத் தள்ளிப் போட்டு வேலையைத் தொடர்ந்தால், சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் குழப்பமும் வரும். நீரிழிவால் விரல் நுனிகளில் உணர்வு குன்றியவர்களுக்குச் சூடும் கீறலும் தெரியாமல் போகலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உண்போருக்குச் சிறு காயத்திலும் ரத்தம் நெடுநேரம் வடியும். வலிப்பு நோய் உடையவர்கள் சுழலும் இயந்திரத்தை இயக்குவது பற்றித் தங்கள் நரம்பியல் மருத்துவரிடம் மறைக்காமல் பேச வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வெல்டிங் செய்யும் முன் இதய மருத்துவரின் அனுமதியைப் பெற வேண்டும். மது அருந்திய பின் இயந்திரத்தின் அருகே செல்லக் கூடாது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

நேரத்திற்குள் சரக்கைக் கொடுக்க வேண்டிய நெருக்கடியில் சாப்பிடாமலும் உறங்காமலும் வேலை செய்யும் வேளையில் தவறு எளிதில் நேரும். அப்போது "மீதியைக் காலையில் பார்த்துக் கொள்ளலாம்" என்று வீட்டார் சொல்லும் ஒரு சொல்லுக்கு உரிய மதிப்பைக் கொடுங்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால்

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். கை உள்ளே சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள். மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டி எடுக்க முயலாதீர்கள். அது சிதைந்ததை மேலும் சிதைக்கும். பெல்ட்டையும் போல்ட்டுகளையும் தளர்த்தி விடுவியுங்கள். அதுவும் இயலாவிடில், சிக்கிய பாகத்தை இயந்திரத்திலிருந்து கழற்றி, கையோடு சேர்த்தே மருத்துவமனைக்குக் கொண்டு வரலாம். 108-ஐ அழைத்து நிலையைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

தூய துணியை மடித்துக் காயத்தின் மீது வைத்து, 10 நிமிடங்கள் விடாமல் அழுத்துங்கள்; இடையில் திறந்து பார்க்காதீர்கள். கையை இதயத்தின் மட்டத்திற்கு மேல் உயர்த்திப் பிடியுங்கள். இதிலேயே பெரும்பாலான ரத்தப்போக்கு அடங்கும். விரலின் அடியில் ரப்பர் பட்டையோ கம்பியோ கட்டி இறுக்காதீர்கள். அழுத்தியும் அடங்காமல் உயிருக்கே ஆபத்தாகப் பீறிடும்போது மட்டும், மேற்கையில் அகலமான துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். காயத்தில் காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, பற்பசை எதையும் வைக்காதீர்கள். நாங்கள் அறுவைச் சிகிச்சையில் முதல் ஒரு மணி நேரத்தை அவற்றைச் சுரண்டி எடுப்பதிலேயே செலவிட வேண்டியிருக்கும். அடிபட்ட கையில் உள்ள மோதிரங்களை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். மயக்க மருந்து தர வேண்டியிருக்கலாம் என்பதால் உண்ணவும் பருகவும் எதுவும் கொடுக்க வேண்டா.

துண்டான விரலைக் காக்கும் முறை

துண்டான பகுதி எவ்வளவு சிறியதாயினும், எவ்வளவு நசுங்கியிருந்தாலும் தேடி எடுத்து வாருங்கள். பயன்படுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இணைக்க இயலாத விரலின் தோலும் எலும்பும் கூட மற்றொரு விரலைக் காக்க உதவக்கூடும்.

1. மண்ணோ எண்ணெயோ இருந்தால் தூய நீரில் ஒருமுறை மெல்ல அலசுங்கள். கிருமிநாசினியில் கழுவ வேண்டா.

2. தூய ஈரத் துணியில் சுற்றுங்கள். துணியைப் பிழிந்த ஈரம் போதும், சொட்டக் கூடாது. மருந்துக் கடையில் சலைன் கிடைத்தால் அதில் நனைப்பது நல்லது.

3. அதனை ஒரு தூய பிளாஸ்டிக் பையில் இட்டு, நீர் புகாதபடி கட்டுங்கள்.

4. அந்தப் பையை, பனிக்கட்டியும் நீரும் கலந்த மற்றொரு பையிலோ பாத்திரத்திலோ வையுங்கள்.

விரல் பனிக்கட்டியை நேரடியாகத் தொடக் கூடாது என்பதே இதில் முதன்மையானது. பதற்றத்தில் விரலைப் பனிக்கட்டிக்குள்ளேயே புதைத்து எடுத்து வருகின்றனர். நல்லெண்ணத்தில் செய்ததே ஆயினும், திசுக்கள் உறைந்து அழிந்துபோய், இணைத்திருக்க முடிந்த விரல் இணைக்க முடியாததாகிவிடுகிறது. ஃப்ரீசரில் வைப்பதும் அவ்வாறே.

விரல்களில் தசை இல்லாததால் அவை சிறிது கூடுதல் நேரம் தாங்கும். முறையாகக் குளிர்வித்தால் 12 மணி நேரத்திற்குப் பின்னும் இணைக்க முடிந்துள்ளது. மணிக்கட்டுக்கு மேல் துண்டான கையில் தசை மிகுதி; குளிர்விக்காவிட்டால் 6 மணி நேரத்திற்குள் ரத்த ஓட்டம் மீள வேண்டும். எவ்வகையானாலும் நேரம் என்பதே சிகிச்சை. நுண் அறுவைச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு நேராகச் செல்லுங்கள்.

சிறு துளையும் பெருங்கேடும்

கிரீஸ் கன், அதிக அழுத்தத்தில் இயங்கும் பெயிண்ட் தெளிப்பான், டீசல் இன்ஜெக்டர் சோதிக்கும் கருவி ஆகியவற்றின் முனையில் விரல் பட்டால், ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளி மட்டுமே தெரியும். வலியும் முதலில் அதிகம் இராது. ஆனால் அந்தப் புள்ளியின் வழியே எண்ணெயோ பெயிண்டோ விரலின் உள்ளே வெகுதூரம் பாய்ந்திருக்கும். சில மணி நேரத்தில் விரல் வீங்கி, உள்ளே திசுக்கள் அழியத் தொடங்கும். இது அவசர அறுவைச் சிகிச்சைக்குரிய காயம். "சின்னப் புள்ளிதானே" என்று மறுநாள் வரை காத்திருந்தோரில் சிலர் அந்த விரலையே இழக்கின்றனர். எந்தப் பொருள் பாய்ந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆழமான காயம் எதுவாயினும் டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போடப்பட்டது என்று நினைவுகூருங்கள். தேவைப்பட்டால் மீண்டும் போட வேண்டும்.

இணைத்த விரல் பழைய விரலாகுமா

துண்டான கட்டைவிரலை நுண் அறுவைச் சிகிச்சையால் முதன்முதலில் வெற்றிகரமாக இணைத்தவர்கள் ஜப்பானின் நாரா மாகாணத்தைச் சேர்ந்த கோமாட்சு, தமாய் என்னும் மருத்துவர்கள், ஆண்டு 1965. அதன் பின் இக்கலை மிகவும் வளர்ந்துள்ளது. ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள ரத்தக்குழாய்களைத் தலைமுடியைவிட மெல்லிய இழையால் நுண்ணோக்கியின் கீழ் தைக்கிறோம். ஆயினும் ஓர் உண்மையைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். விரலை ஒட்ட முடியும். பழைய விரலாக்க முடிவதில்லை. அறுந்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே வளர்வதால், உணர்வு திரும்ப மாதங்கள் ஆகும். திரும்பினாலும் முழுமையாக இராது. குளிரில் வலி, மடக்குவதில் குறைவு ஆகியவை தங்கக்கூடும். நன்றாக நசுங்கிய விரலை இணைக்காமல் விடுவதே நோயாளிக்கு நன்மை என்று மருத்துவர் கூறும் நேரங்களும் உண்டு.

அறுவைச் சிகிச்சை பாதி வேலையே. மீதி வேலை, இயன்முறைச் சிகிச்சையில் நோயாளியும் உடனிருப்போரும் செய்வது. சொன்ன நாளில் வந்து, சொன்ன பயிற்சியைச் சொன்ன அளவில் செய்தவர்கள் நல்ல பயன் பெறுகின்றனர். இணைத்த விரலின் ரத்தக்குழாய்களைப் புகையிலை சுருக்கிவிடும். நோயாளி மட்டுமன்றி, அறையில் உடனிருப்போரும் புகைக்கக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்த வாரமே செய்யக்கூடியது

இதனைப் படித்தபின், குடும்பத்துடன் பட்டறைக்குள் சென்று கால் மணி நேரம் சுற்றிப் பாருங்கள். மெயின் சுவிட்ச் எது என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியுமா? பெல்ட்டுகளுக்கும் பற்சக்கரங்களுக்கும் மூடி இருக்கிறதா? கழற்றி மூலையில் போட்ட தடுப்பு எங்கே? சின்னஞ்சிறு குழந்தைகள் நுழையாதபடி கதவிற்குத் தாழ் இருக்கிறதா? பாதுகாப்புக் கண்ணாடி கைக்கெட்டும் ஆணியில் தொங்குகிறதா? தூய துணி, பிளாஸ்டிக் பைகள், மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் உள்ளனவா?

இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குப் பணம் தேவையில்லை. ஒரு மாலைப் பொழுது போதும். இயந்திரத்தின் பாகம் உடைந்தால் கடையில் வேறொன்று வாங்கலாம். குடும்பத்தைத் தாங்கும் கைக்கு மாற்றுப் பாகம் எந்தக் கடையிலும் இல்லை.